எங்க மருந்துப் பெட்டிக்கு ஒரு தெர்மாமீட்டர் குடுங்க: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மருந்து வாங்கித் தர்ற மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் வணக்கம்.

நான் வேலூர் பக்கம் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன். எந்த சர்வீஸ்னு சொல்லல, அது தேவையும் இல்ல, ஏன்னா கவர்மென்ட் வண்டி பிரைவேட் வண்டின்னு பாத்தா வெயில் அடிக்குது? சம்பளம், ஷிப்ட் பத்தியெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கலாம். இன்னைக்கு கேக்குறது ஒண்ணுதான், மே மாசத்துல எங்க மருந்துப் பெட்டிக்குள்ள எவ்ளோ சூடு இருக்குன்னு யாராவது ஒரு தடவை அளந்து பாருங்க.

அக்னி நட்சத்திரத்துல வேலூர், திருத்தணி பக்கமெல்லாம் 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டும், அது வெளிய நிழல்ல அளக்குற கணக்கு. கேஸ் இல்லாதப்போ இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மரத்தடியில வண்டிய போட்டுட்டு இருப்போம், ஏசி ஓடாது, கதவ சாத்தின வண்டிக்குள்ள வெளிய இருக்குறத விட சூடு நல்லாவே ஏறிடும், அதுக்குள்ளதான் ஆம்பூல் (ஊசி மருந்து அடைச்ச சின்ன கண்ணாடிக் குப்பி) எல்லாம் வரிசையா படுத்திருக்கும்.

இதுல ரொம்ப நோஞ்சான் மருந்து ஆக்சிடோசின். ஊர்ல இத மாட்டுக்குப் பால் கறக்கப் போடுற ஊசின்னுதான் தெரியும் (அதுக்கு போடக்கூடாது, அது வேற கதை). வண்டியிலயே பிரசவம் ஆயிடுச்சுன்னா ரத்தப்போக்கு வராம இருக்க, குழந்தை வெளிய வந்ததும் தாய்க்கு தசையில 10 யூனிட் போடணும். இத 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஃப்ரிட்ஜ் இல்லாத வண்டியில எங்க வைக்கிறது? ஐஸ்பேக் போட்ட டப்பால வச்சா மத்தியானத்துக்குள்ள தண்ணியாயிடுது. சூட்டுல கெட்டுப்போன ஆக்சிடோசின் பாக்க அதே மாதிரி தெளிவா, பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கும். ஊசி போட்டும் கர்ப்பப்பை சுருங்கலன்னா அது நோயாளியோட நிலைமையா இல்ல மருந்து செத்துப்போச்சான்னு வண்டிக்குள்ள நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க.

அட்ரினலின் இதுல கொஞ்சம் பரவால்ல, கெட்டா சில சமயம் காட்டிக் குடுக்கும். ஆம்பூல டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சா லேசா ரோஸ் கலர் அடிக்கும், முத்திப்போனா பிரவுன். ஆனா கலர் மாறாமலேயே வீரியம் குறையவும் வாய்ப்பிருக்கு. குளவி கொட்டி உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைக்கிற ஆளுக்கு தொடையோட வெளிப்பக்கம் அரை மில்லி போடுறோம், அந்த அரை மில்லியில முழு மருந்து இருக்கணும்ல?

எல்லாத்துக்கும் ஃப்ரிட்ஜ் கேக்கல. வலிப்புக்குப் போடுற மிடசோலம் சூட்ட நல்லாவே தாங்கும், அதே வேலை செய்யுற லோராசிபாம் ஊசிக்கு ஃப்ரிட்ஜ் வேணும். அப்போ வண்டிக்கு எத வாங்கணும்னு முடிவு பண்றப்பவே வெயிலையும் கணக்குல எடுங்கன்றேன். விலைய மட்டும் பாத்து டெண்டர் விட்டா குளுகுளு குடோன்ல இருக்குற வரைக்கும்தான் அது மருந்து. பிரசவ ரத்தப்போக்கத் தடுக்க கார்பெட்டோசின்னு ஒண்ணு இருக்கு, 30 டிகிரியில 3 வருஷம் தாங்குற வகை, 2018ல பத்து நாட்டுல கிட்டத்தட்ட 30,000 பெண்கள்கிட்ட ஆக்சிடோசினோட ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க, ரத்தப்போக்கத் தடுக்குறதுல சளைச்சது இல்லன்னு வந்துச்சு, 2019ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் ஏறிடுச்சு. தடுக்கத்தான் அது, ரத்தப்போக்கு ஆரம்பிச்சப்புறம் வைத்தியத்துக்கு ஆக்சிடோசின்தான் வேணும், அதனால ஐஸ்பெட்டி பிரச்சனை முழுசா தீராது, பாதியாவது குறையும்.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசு ஒண்ணும் இல்ல. போலியோ சொட்டு மருந்து பாட்டில்ல ஒரு வட்டமும் உள்ள ஒரு சதுரமும் இருக்கும், சூடு பட்டா அந்த சதுரம் கறுத்துப்போகும், அத பாத்தே நம்ம செவிலியர் அக்காங்க பாட்டில ஒதுக்கி வச்சிடுவாங்க. 2015ல இருந்து ஈவின்ங்கிற தடுப்பூசி கண்காணிப்புத் திட்டத்துல தடுப்பூசி ஃப்ரிட்ஜோட டெம்பரேச்சர் அதிகாரி போனுக்கே வருது. தடுப்பூசிக்கு இவ்ளோ பாத்துப் பாத்து செய்யத் தெரிஞ்ச துறைக்கு, உயிர் போற நேரத்துல போடுற மருந்து எவ்ளோ சூட்டுல கிடக்குதுன்னு தெரியாம இருக்குறது எனக்குப் புரியவே இல்ல.

கேக்குறது பெரிய செலவும் இல்ல. ஒவ்வொரு வண்டிப் பெட்டியிலயும் சூட்ட பதிவு பண்ற சின்ன மீட்டர், வண்டி பேட்டரியில ஓடுற சின்ன கூல்பாக்ஸ், வெயில் காலத்துல மட்டும் எக்ஸ்பைரி தேதிக்குக் காத்திருக்காம ஸ்டாக்க மாத்துற ஏற்பாடு. மார்ச் மாசத்துக்குள்ள நாலஞ்சு மாவட்டத்துலயாவது ஆரம்பிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, கலர் மாறுன ஆம்பூல திருப்பிக் குடுத்தா ஏன் வீணாச்சுன்னு விளக்கம் எழுதித் தரச் சொல்ற பழக்கம் பல இடத்துல இருக்கு, அதுக்கு பயந்தே சிலபேர் பேசாம பெட்டியிலயே வச்சிடுறாங்க, கேள்வி கேக்காம மாத்திக் குடுங்கன்னு ஒரு சர்க்குலர் போட்டீங்கன்னா அதுக்கு காசே ஆகாது.

இப்படிக்கு,
வேலூர் பக்கம் ஓடுற ஒரு ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்