முழங்காலை அளந்தவர்களுக்கு

என் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நின்றேன். கையோடு இந்த மடலையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நன்றி பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு. அறுவைக்கு முந்தைய வாரம் உங்களிடம் வந்து, பேண்ட்டைச் சுருட்டிவிட்டுப் படுத்தேன். "துணிக்கு மேல எலும்பு எங்கேன்னு தெரியாது சார், அரை டிராயர் போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். அப்புறம் இடுப்போரத்தில் துருத்தும் எலும்பு, முழங்காலின் வெளிப்பக்க மேடு, கணுக்காலின் வெளிமுட்டு மூன்றையும் விரலால் தேடிப் பேனாவால் புள்ளி வைத்தீர்கள். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோணமானியின் அச்சு நடுப்புள்ளியில்; அதன் நீண்ட கைகள் மற்ற இரண்டையும் பார்த்தபடி. மடக்கினால் 95 டிகிரி, நீட்டினால் நேராக 10 டிகிரி பாக்கி. அதற்கு முன் வேறொருவர் கண்ணால் பார்த்தே 100 என்று எழுதித் தந்திருந்ததால் எனக்குக் கோபம். நீங்களோ, "அந்த நூறை நம்பினா, நாளைக்கு நிஜமாவே நூறு வரும்போது ஒண்ணும் நடக்கலைன்னு நினைப்பீங்க" என்றீர்கள்.

நலம் விசாரிப்பவர்கள் எல்லாரும் எவ்வளவு மடங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள். நீட்டலைப் பற்றிக் கவலைப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கால் தானாகத் தாழும்வரை காத்திருந்து அளப்பீர்கள். கால் நேராகாவிட்டால் சும்மா நிற்கும்போதுகூடத் தொடைத் தசைக்கு ஓய்வில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது வாரம் நீங்கள் பிடித்து நீட்டியபோது 0 வந்தது. நானாகத் தூக்கியபோது 12 டிகிரி மடங்கியே நின்றது. "மூட்டு இறுகலை, தசைதான் இன்னும் முழிக்கலை" என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்து, தொடைக்கு வேறு பயிற்சி கொடுத்தீர்கள். ஒரே எண்ணாக எழுதியிருந்தால் நல்ல மூட்டைப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்திருப்போம்.

ஏழாவது வாரம் உங்களுக்குப் பதிலாக அளந்த தம்பிக்கும் நன்றி. முந்தைய வாரம் 104, அவர் கையில் 112! வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீங்கள் அளந்தால் 105. நல்லவேளை, அவர் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'உட்கார்ந்த நிலை' என்று எழுதியிருந்தார். நீங்கள் எப்போதும் படுக்க வைத்துத்தான் அளப்பீர்கள். அளக்கும் கை மாறினாலும் படுத்த, உட்கார்ந்த நிலை மாறினாலும் எண் நகரும், ஐந்து டிகிரிக்குள் ஏறி இறங்கினால் சந்தோஷமும் வேண்டாம் துக்கமும் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். (துக்கம் படாமல் இருந்தேன் என்று சொல்லமாட்டேன்.)

அறுவைக்கு முன் மடங்கும் அளவைப் பொறுத்தே பின்னால் மடங்குவதும் பெரும்பாலும் அமையும் என்று முன்கூட்டியே சொல்லிப் பயிற்சிக்கு அனுப்பிய டாக்டருக்கு நன்றி. நான் இடுப்பைத் தூக்கி ஏமாற்றியபோதெல்லாம் "அப்பா, முதுகு படுக்கையில இல்லை" என்று காட்டிக்கொடுத்த மகளுக்கும் நன்றி, சரி, கொஞ்சம் கோபமும்.

சமதளத்தில் நடக்க 60, 70 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழத்தான் 90-க்கு மேல் வேண்டும். இப்போது படுத்த நிலையில் 111, நானாக நீட்டினால் 2 பாக்கி. ஆறாம் மாத அளவுக்கு அரை டிராயரிலேயே வந்துவிடுகிறேன் அம்மா.