கல் சிந்தியிருந்தால் எழுதிக் கொடுங்கள்

பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், சின்னத் துளை வழியே கருவி விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். வயிற்றை நீளமாகக் கிழித்த காலம் போய், இன்று மூன்று நான்கு சின்னத் துளைகளில் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஈரலிலிருந்து பிரிக்கும்போதோ வெளியே இழுக்கும்போதோ சில சமயம் பை கிழிந்து அதிலிருக்கும் பித்தக்கற்கள் வயிற்றுக்குள் சிதறும். கிடைத்ததைப் பொறுக்கி, கழுவி விடுவீர்கள். தப்பிய கல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அபூர்வமாக, மாதங்களோ வருடங்களோ கழித்து அதைச் சுற்றிச் சீழ் கட்டும்.

என் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் கழித்து வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வீக்கம். சாயங்காலமானால் காய்ச்சல். காசநோயோ என்று பார்த்தார்கள். புற்றுநோயோ என்று ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். சி.டி. ஸ்கேனில் சீழ் தெரிந்தது, கல் தெரியவில்லை. கொழுப்புக் கற்கள் பல அதில் அகப்படுவதில்லை. டியூப் வைத்து வடித்தார்கள், மறுபடி கட்டியது. கடைசியில் ஒரு டாக்டர், "பித்தப்பை எடுத்திருக்கிறதா அம்மா?" என்று கேட்டு, அல்ட்ராசவுண்டில் தேடிக் கண்டுபிடித்தார். மொச்சைக்கொட்டை அளவு கல். அதை எடுத்த பிறகுதான் புண் ஆறியது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் கல் சிந்தியதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பை கிழிந்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. அழற்சியில் நைந்துபோன பை யார் கையிலும் கிழியும். பித்தம் கசிந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே வலியும் காய்ச்சலுமாகத் தெரிந்துவிடும், நோயாளியும் உங்களிடமே ஓடி வருவார். சிந்திய கல் தலைகாட்டும்போது அவர் வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்த டாக்டருக்குத் துப்புக் கொடுக்க உங்கள் சம்மரியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பீர்கள். பயப்படட்டும், பரவாயில்லை. காரணம் தெரியாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

பை கிழிந்ததா, கல் சிந்தியதா, எல்லாம் எடுத்தாயிற்றா என்ற மூன்று கேள்விகளையும் சம்மரிப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது கூட இருப்பவரை உட்காரவைத்து, அதைத் தமிழில் ஒருமுறை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மருமகள்