23 பிளவுசுக்கான ரசீது

கும்பகோணம்
பங்குனி 12

அன்புள்ள விஜி,

நாங்கள் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? ஆடியில் எனக்கு விபத்து என்று கோமதி சொன்னதும் நீ மூன்று தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன். தப்புதான், மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். பத்து வரி எழுதினால் மணிக்கட்டு கனத்துவிடுகிறது. உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாராசுரத்தில் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு கார் பஸ்ஸை முந்திக்கொண்டு என் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டன. பிளேட் வைத்து ஏழு ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். 108 வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்ற அரசுத் திட்டம் இருக்கிறதே, 2021இல் கொண்டுவந்தது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே கார்க்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் 15,000 ரூபாயுமாக வந்து நின்றார். ஓட்டியது அவர் பையன். "கேஸ் வேண்டாம்மா, படிக்கிற பிள்ளை" என்றார். என் வீட்டுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. எனக்கு இளகவில்லை, விஜி. அவர் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார், எனக்குத் தர வேண்டியது கம்பெனி. ஆனால் எஃப்.ஐ.ஆர் இல்லாமல் எந்தக் கம்பெனி அசையும்? வார்டில் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள், போலீஸ் வந்து என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் இன்னொருவர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்றே தெரியவில்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார், வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்றார். கட்டுப் போட்ட கையை எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டேன். கட்டிலில் கிடக்கிறவர்களைத் தேடி வந்து இப்படிச் செய்கிறார்களே, எத்தனை பேர் வலியில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! அப்புறம் சரசு டீச்சர் மூலமாக ஒரு நல்ல வக்கீல் கிடைத்தார். 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு கேட்டு மனு போட வேண்டும் என்று சட்டமாம். கை ஆறட்டும், பொங்கல் கழியட்டும் என்று நான் இருந்தேன். "அம்மா, தேதியை எண்ணுங்கள்" என்றார். மார்கழியில் போட்டுவிட்டோம்.

இப்போது என் கை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். உள்ளங்கையை மலர்த்த முடியவில்லை. காய்க்காரர் சில்லறை கொடுத்தால் இடது கையை நீட்டுகிறேன். வயதானவர், முகம் சுளிக்கிறார். நாலு மடிப்பு லைனிங் துணியில் கத்திரி போட்டால் பாதியிலேயே விரல் விட்டுவிடுகிறது. கைக்குழி வளைவில் துணியைத் திருப்ப வேண்டுமே, அந்த இடத்தில் தையல் கோணிப் போகிறது. தீபாவளி ஆர்டர் ஒன்றுகூட எடுக்கவில்லை. காஜாவும் ஊக்கும் தைக்கிற பெண்ணை வைத்துத்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மெடிக்கல் போர்டில் டாக்டர் இரண்டு கை வைத்த ஸ்கேல் ஒன்றை மணிக்கட்டில் வைத்து, மடக்கு, நிமிர்த்து, திருப்பு என்று பாகை பாகையாக அளந்தார். நாம் மார்பளவு இடுப்பளவு எடுக்கிற மாதிரியேதான். கைக்கு 22 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தார்.

போன வாரம் கம்பெனி ஆள் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தார். 22 என்பது கைக்கு மட்டுமாம், முழு உடம்புக்குக் கணக்குப் போட்டால் 7தானாம். "ரசீது, வரிக்கணக்கு ஒன்றும் இல்லை, மாதம் 9,000 வைத்துக்கொள்ளலாம்" என்றார். வருஷத்துக்கு 1,08,000, அதில் 7 சதவீதம், என் வயது 43 என்பதால் 14ஆல் பெருக்கு. 1,05,840 ரூபாய். ஆஸ்பத்திரி பில் தனி. அங்கே கையெழுத்துப் போட்டால் அதோடு சரி, அப்பீல் கிடையாது. கடனை நினைத்துப் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன், விஜி. அதைப் பிடிக்கையில் வலித்தது. கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வக்கீல் 2010இல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் சொன்னதை விளக்கினார். ஊனம் எத்தனை சதவீதம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போயிற்று என்பது வேறு. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும், ஆபீஸ் குமாஸ்தா அதே வேலையில் தொடரலாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதமாக என் வாயில் வராத வார்த்தை அது. என் கையைத் தையல்காரியின் கையாக எண்ணச் சொல்லித்தான் நான் கேட்கிறேன். மாதம் 15,000 என்று நிரூபித்து, பிழைப்பில் 40 சதவீதம் போயிற்று என்று நீதிபதி ஒப்புக்கொண்டால் 10,08,000 வரும். அவ்வளவும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் 9,000 என்று ஒருவர் என் இருபது வருஷ உழைப்பைச் சொல்லிவிட்டுப் போக விடமாட்டேன். கொழுந்தனார் "பொம்பளை கோர்ட்டு வாசல் ஏறணுமா" என்கிறார். நான் ஏறிவிட்டேன்.

இப்போது உதவி. வருமானத்தைக் காட்ட ஜி-பே கணக்கு எடுத்துவிட்டேன், ஆனால் முகூர்த்த ஆர்டர்கள் பெரும்பாலும் ரொக்கம். உன் மகள் கல்யாணத்துக்கு 23 பிளவுஸ் தைத்தேனே, ஆரி வேலையோடு. ரசீது எழுதிக் கொடுத்தேன். என்னிடமிருந்த பிரதி கடையில் மழைத்தண்ணீர் இறங்கியதில் போய்விட்டது. நீ பால் சீட்டைக்கூடக் கிழிக்காதவள், அந்தத் தகரப்பெட்டியில் கட்டாயம் இருக்கும். போட்டோ போதாது, அசலை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. கூப்பிட்டால் ஒரு நாள் வந்து, "ஆமாம், இவள்தான் தைத்தாள், இவ்வளவு கொடுத்தேன்" என்று சாட்சி சொல்வாயா? ஓசூரிலிருந்து வர வேண்டும், கஷ்டம்தான். பஸ் காசு நான் தருகிறேன் என்றால் என்னை அடிப்பாய், தெரியும்.

உன் சம்பந்தியம்மா அந்த மாம்பழக் கலர் பிளவுசை இன்னும் குறை சொல்கிறாரா? கழுத்து நான்தான் இறக்கிவிட்டேன் என்று அடித்துச் சொன்னாரே! வரும்போது அதையும் எடுத்து வா, பிரித்துத் தைத்துத் தருகிறேன். நான் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அந்தப் பெண் தைப்பாள்.

வாய்தா சித்திரை 8. அதற்கு முன்னால் ரசீது கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
செல்வி