பெறுநர் என்ற இடத்தில் யார் பெயர்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். விண்வெளிச் சட்டம் பேசும் ஐ.நா. குழுவின் கூட்டத்துக்காக வியன்னா போயிருக்கும் நீ, ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பேசியபோது உன் குரலில் இருந்த சலிப்பு இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஒரு வாக்கியத்தின் கடைசியில் ‘வேண்டும்’ என்று போடுவதா, ‘வேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது’ என்று போடுவதா என்பதிலேயே ஒரு பிற்பகல் முழுவதும் போய்விட்டது என்றும், ஒரே ஒரு நாட்டின் பிரதிநிதி இசையாவிட்டால் மற்ற நூறு நாடுகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாய். சட்டம் படித்தது இதற்குத்தானா என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. நாற்பது வருடம் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவனுக்கு வாயைவிடக் கைதான் பேசும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் மணப்பாட்டிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். என்னிடம் பழைய பழக்கம். அவர் வீட்டுப் பத்திரமெல்லாம் நான் எழுதியதுதான். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதிலிருந்து கடற்கரையில் அதே பேச்சு. “அண்ணாச்சி, மேலேருந்து ஏதாவது என் வள்ளத்துமேல விழுந்தா மனு யாருக்குப் போடணும்?” என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்களின் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று சிக்கியதை நீயும் நானும் சேர்ந்துதான் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் வலை என்ன பாடுபட்டிருக்கும் என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறதா?

அவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, விடுமுறையில் நீ விட்டுச்சென்ற உடன்படிக்கைப் பிரதிகளை எடுத்து, தாய்ப்பத்திரம் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தேன். 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை பதினேழே பிரிவுகள். அதன் இரண்டாவது பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது: நிலா உட்பட விண்வெளியின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் இறையாண்மை சொல்லியோ, பயன்படுத்தியோ, பிடித்துவைத்தோ தனதாக்கிக்கொள்ள முடியாது. நம் பாஷையில் சொன்னால், எத்தனை வருட அனுபோகம் காட்டினாலும் பட்டா கிடைக்காத புறம்போக்கு. ஆனால் இந்தப் பத்திரத்தில் ஒரு குறை இருக்கிறது, நான்கெல்லை இல்லை. காற்று மண்டலம் எங்கே முடிகிறது, விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் நான்கெல்லை எழுதாத பத்திரத்தைத் தூக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் சட்டத் துணைக்குழுவோ ஐம்பது வருடத்துக்கும் மேலாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறது. எல்லை எழுதாததன் பலனை 1976இல் பார்த்தார்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய எட்டு நாடுகள் கொலம்பியாவின் பொகோட்டாவில் கூடி, தங்கள் தலைக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதைத் துண்டு தங்களுக்கே சொந்தம் என்று அறிக்கை விட்டன. மற்ற நாடுகள் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த நாடுகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வசதியுள்ளவன் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம்தான்.

இனி உன் சலிப்புக்கு வருகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். ஐந்து அண்ணன் தம்பிகள் வந்திருந்தார்கள்; வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கை வரவில்லை. அவளுக்குச் சேர வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூத்தவர் சொன்னார். எனக்கும் அன்று அவசரம், எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு கையெழுத்து இல்லாததால் அந்தக் குடும்பம் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தது. அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதன் பிறகு பங்காளி ஒருவர் குறைந்தாலும் நான் பேனாவைத் திறப்பதில்லை. உங்கள் குழு வாக்கெடுப்பு நடத்தாமல் ஒருமித்த இசைவுக்காகக் காத்திருப்பதன் கஷ்டம் எனக்குப் புரிகிறது; அதன் அருமையும் புரிகிறது. 1959இல் நிரந்தரக் குழுவானபோது 24 நாடுகள். இந்தியா அப்போதே இருந்தது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று குறிவைத்து ஏவுகணைகளை நிறுத்தியிருந்த காலத்தில், இப்படி ஒவ்வொரு சொல்லாகக் காத்திருந்துதான் 1967 முதல் 1979 வரை ஐந்து உடன்படிக்கைகளை எழுதி முடித்தார்கள்.

ஒருமுறை பொறுமை இழந்தார்கள். செயற்கைக்கோள் வழியாக இன்னொரு நாட்டு வீடுகளுக்கு நேரே தொலைக்காட்சி ஒளிபரப்பலாமா என்ற விஷயத்தில் பத்து வருடத்துக்கு மேல் பேசியும் இசைவு வராமல், 1982இல் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடத்திக் கோட்பாடுகளை நிறைவேற்றினார்கள். எதிர்த்து வாக்களித்தவை அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவும் ஜப்பானும். அதாவது அப்படி ஒளிபரப்பக்கூடிய வசதி யாரிடம் இருந்ததோ அவர்களே. பிறகு அந்தத் தீர்மானத்தை யார் மதித்தார்கள்? நிலத்தை அனுபவிப்பவன் கையெழுத்துப் போடாத பத்திரம் அது. அதற்காக இசைவு கிடைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1979ஆம் ஆண்டு நிலா உடன்படிக்கை அந்த இசைவோடுதான் நிறைவேறியது. இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் இருபதைத் தொடவில்லை. நம் நாடு 1982இல் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது. 2023 ஜூனில், நிலாப் பயணங்களுக்காக அமெரிக்கா முன்னின்று நடத்தும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. நிலாவிலிருந்து பொருளை எடுப்பது மட்டுமே நிலாவைச் சொந்தமாக்கிக்கொண்டதாகாது என்று அது சொல்கிறது. உடன்குடிக்காரனுக்கு இது புதிதல்ல. புறம்போக்குப் பனையில் பதனீர் இறக்குகிறவனுக்கு மண் சொந்தமாவதில்லை. ஆனால் இங்கே பாட்டம் கொடுக்க ஒருவர் இருக்கிறார். அங்கே கொடுப்பவர் யார்? அதற்கென்று 2021இல் அமைத்த பணிக்குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று நீதானே சொன்னாய்.

சரி, மீனவர் கேட்ட கேள்வி. 1972ஆம் ஆண்டு பொறுப்பு உடன்படிக்கை இதற்கென்றே எழுதப்பட்டது. விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதினால் யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டும். பூமியில் விழுந்து சேதம் செய்தாலோ தவறு என்ற பேச்சே இல்லை. ஏவிய நாடு கொடுத்தாக வேண்டும். மாடு வேலி தாண்டிப் பயிரை மேய்ந்தால், வேலியை யார் திறந்துவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிராமல் மாட்டுக்காரனிடம் நஷ்டஈடு கேட்பது போல. 1978 ஜனவரி 24 அன்று சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 என்ற செயற்கைக்கோள், உள்ளே இருந்த சிறு அணு உலையோடு கனடாவின் வடமேற்குப் பனிப்பிரதேசத்தில் உடைந்து சிதறியது. கனடா மாதக்கணக்கில் துண்டு துண்டாகத் தேடிப் பொறுக்கியது. பிறகு 60,41,174 டாலர் 70 சென்ட் என்று கணக்குப் போட்டு அனுப்பியது. அந்த 70 சென்ட்டைப் பார்த்ததும் அதை எழுதிய குமாஸ்தா நம் ஆள் என்று தோன்றியது. 1981இல் 30 லட்சம் கனடிய டாலருக்கு விஷயம் முடிந்தது. பாதிதான் கிடைத்தது என்றாலும், ஓர் அணு ஆயுத வல்லரசு இன்னொரு நாட்டின் பில்லுக்குப் பணம் கொடுத்திருக்கிறது.

காஸ்மாஸ் விழுந்ததற்கு அடுத்த வருடம் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வானத்திலிருந்து விழப்போகிறது என்று ரேடியோவில் சொல்லச் சொல்ல ஊரே கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி, சாகிறது என்று ஆகிவிட்ட பிறகு யாருக்கு வைக்க வேண்டும் என்று ஏழு கோழியையும் ஒரே நாளில் அடித்துக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி வந்தது. 1979 ஜூலை 11 அன்று அது விழுந்ததோ மேற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊராட்சி, குப்பை போட்டதற்காக அமெரிக்காவின் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. முப்பது வருடம் கழித்து ஒரு வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்து அதைக் கட்டினார். ஆச்சியின் கோழிக்கு யாரும் கட்டவில்லை.

பொறுப்பு உடன்படிக்கையில் ‘ஏவும் நாடு’ என்ற சொல்லை நீ எனக்கு ஒருமுறை விளக்கினாய். ஏவுகிறவர், ஏவச் சொல்லிக் கொடுப்பவர், இடம் கொடுப்பவர், தளம் கொடுப்பவர் என்று எல்லோரும் ஏவும் நாடுதான். 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள்கள் போயின. அவற்றில் 101 வெளிநாட்டாருடையவை. அவற்றுக்கும் நாம் ஏவும் நாடு. வாடகைக்கு வண்டி ஓட்டியவனுக்கும் சரக்கின் பொறுப்பு தொடர்கிறது. நாளைக்குக் குலசையிலிருந்து ஒரு தனியார் கம்பெனி ஏவினாலும், 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஆறாவது பிரிவுப்படி அனுமதிப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை. விழுந்தால் பதில் சொல்வதும் அரசே.

குலசையைத் தேர்ந்தெடுத்த காரணத்திலும் இந்தப் பொறுப்பின் நிழல் தெரிகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வட தென் துருவங்களுக்கு மேலே சுற்றும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகிற ராக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க வேண்டும். அதனால் தென்கிழக்கே கிளம்பி, கடலின் மேல் சுற்றிக்கொண்டு நடுவழியில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. கொண்டுபோகும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காது. நம் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான். இதை அந்த மீனவரிடம் சொன்னபோது, “அப்போ கடல்ல யாருமே இல்லையா அண்ணாச்சி?” என்றார்.

ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்றேன். அதுவும் ஒரு நாள் கூலி போகிறதுதானே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் பொறுப்பு உடன்படிக்கையின் ஏழாவது பிரிவைப் படித்துக் காட்டினேன். ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. விழுகிற துண்டு மன்னார் மீனவரின் வள்ளத்தை உடைத்தால் கொழும்பு டெல்லியிடம் கேட்கலாம். மணப்பாட்டு மீனவரின் வள்ளத்தை உடைத்தால் இந்தப் பத்திரத்தில் அவருக்கு இடமே இல்லை. நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் அது. வீட்டுக்குள் நடப்பதை அந்தந்த வீட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் வீட்டிலோ 2017இல் விண்வெளிச் செயல்பாடுகளுக்கான வரைவு மசோதா வெளியிட்டார்கள், 2023இல் கொள்கை வெளியிட்டார்கள். இதை எழுதும் நாள் வரை நாடாளுமன்றச் சட்டம் வரவில்லை. கொள்கையைக் காட்டி நஷ்டஈடு கேட்டு மனு எழுத எனக்குத் தெரியவில்லை.

‘வேண்டும்’ என்றா, ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்றா என்று நீ உட்கார்ந்திருந்த பிற்பகலை வீண் என்று நினைக்காதே. ஏழாவது பிரிவை எழுதிய நாளிலும் யாரோ உன்னைப்போல ஒரு பெண்ணோ பையனோ கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எனக்கு ஒரு காரியம் செய். உன் அறையில் பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? தங்கள் சொந்த மீனவருக்கும் சொந்த விவசாயிக்கும் தங்கள் நாட்டுச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறவர்கள் யார், அந்தப் பிரிவின் வாசகம் என்ன என்று கேட்டு, வரிக்கு வரி எழுதி அனுப்பு. அம்மா கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அங்கே வருகிற உன் தோழியிடம் கொடுத்துவிடுகிறோம்.

மனுவை எழுதி வைத்திருக்கிறேன். ‘அனுப்புநர்’ முடிந்துவிட்டது. ‘பெறுநர்’ என்று போட்டு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா