'நெல்லை அருகே ஒரு கிராமம்' போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து நிலக்காட்சிப் படங்களுக்குக் கீழே 'நெல்லை அருகே ஒரு கிராமம்' என்று மட்டும் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பழைய படங்களின் பின்புறம் 'திருநெல்வேலி ஜில்லா' என்று எழுதியிருப்பதாலேயே திண்டாட்டம். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தபின், அந்த இடத்தை மூன்று மாவட்டங்களில் தேட வேண்டியிருக்கிறது. ஊரோடு குளத்தின் பெயரும், தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களில் கன்னடியன் காலா கோடகன் காலா என்பதும், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதும் வேண்டும். மாதமும் வேண்டும்: ஆடியில் பச்சை என்றால் அது கார் பருவ நெல், மார்கழியில் பச்சை என்றால் பிசானப் பருவ நெல்.

வீட்டு ஆல்பங்களில் ஸ்டுடியோப் படங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவாது. அங்கே திரைச்சீலைதான் ஊர். களத்திலும் வாசலிலும் எடுத்தவற்றைத் தேடுங்கள். ஆக்பா கிளிக் III போன்ற எளிய கேமராக்களில் ஃபோகஸ் திருகும் வேலையே கிடையாது, லென்ஸின் துளையும் சிறியது. அதனால் ஆச்சிக்குப் பின்னால் மலைமுகடும் ஓரளவு தெளிவாகவே விழுந்திருக்கும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஆறு சென்டிமீட்டர் சதுரச் சின்னப் படமென்றால் 1200.

பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க மலைமுகடுதான் துணை. பனையை நம்பாதீர்கள், வெட்டியிருப்பார்கள். கோயில் விமானம், குளத்து மடைக்கல், கிணற்றுக் கமலைக்கல் என்று அசையாத ஒன்று, முகட்டின் எந்தப் பள்ளத்துக்கு நேரே வருகிறது என்று பழைய படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் அந்தக் கல் பள்ளத்துக்கு வலப்புறம் தள்ளித் தெரிந்தால், நீங்கள் இடப்புறம் அதிகம் போய்விட்டீர்கள், வலப்புறம் நகருங்கள். வேறு திசையில் கல்லும் பள்ளமுமாக இன்னொரு ஜோடியும் பொருந்திவிட்டால் அன்று கேமரா நின்ற இடம் அதுதான். செல்போனை 1எக்ஸில் வைத்தால் பொதிகை மலை கரையான் புற்றாகிவிடும். பழைய படத்தில் உள்ள பரப்பு வரும் அளவுக்கு ஜூம் செய்து எடுத்துச் சதுரமாக வெட்டுங்கள்.

மலை மேற்கே இருப்பதால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எடுத்துவிட வேண்டும். மாலையில் எதிர்வெயில், முகடு சாம்பல் பூசிக் கிடக்கும். சாரல் காலத்தில் முகடே மேகத்துக்குள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வெறித்த மறுநாள் காலைக்கு ஈடில்லை.

செம்மணல் மேடுகளான குதிரைமொழித் தேரியில் இந்த வித்தை பலிக்காது, மணல்மேடே இடம் மாறும். அங்கே கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'வெயில்' என்று நிறுத்தாவிட்டால் செம்மண் வெறும் பழுப்பாகும். டிரைபாட் காலின் அடிக்கண்ணியை (கடைசித் துண்டை) முதலில் நீட்டுங்கள்; பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். ஆடிக்காற்றில் லென்ஸ் மாற்றவே கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காதீர்கள், சாயம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து நகலெடுங்கள்.

வாசகர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, அதற்குள் பதிவாகியிருந்த இடமும் கழன்றுவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வீரவநல்லூர்