எழுத்தில் வாங்குங்கள்: தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கட்சித் தலைமைகளுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு நாள் வருமுன்னே யாரோடு சேர்வது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. "பேச்சு சுமுகமாக நடந்தது" என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்காவிடம் 66 ஆசனங்கள்தான். தமிழரசுக் கட்சியின் 14 பேரும் சேர்ந்துதான் அவரது கூட்டரசாங்கம் நின்றது. தமிழரசுத் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் மார்ச் 24இல் ஒப்பமிட்ட டட்லி-செல்வா ஒப்பந்தத்தைத் தாங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் ஓட்டையை மட்டும் நினைவூட்டுகிறோம். மாவட்ட சபைகள் வரும் என்றது. அவற்றுக்கு என்ன அதிகாரம் என்பதைப் பின்னர் இணங்கிக்கொள்வதாக விட்டது. தேசிய நலன் கருதி அரசு அச்சபைகளுக்குப் பணிப்புரை வழங்கலாம் என்பதை மட்டும் தெளிவாக எழுதியது. நாள் குறிக்கவில்லை. 1968இல் மாவட்ட சபைகள் பற்றிய அரசின் வெள்ளை அறிக்கை வந்தபோது பிரதமரின் சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்தார்கள், அவர் கைவிட்டார். அதே வருடம் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்க தமிழரசுக் கட்சி அமைச்சர் திருச்செல்வம் அமைத்த குழுவையும் பிரதமர் நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார், கட்சியும் வெளியேறியது. டட்லி கனவான்தான். ஆனால் பல கட்சிகளைத் தாங்கி நிற்கும் பிரதமரின் நல்லெண்ணம் அடுத்த எதிர்ப்பு வரும்வரைதான் என்பதை நம்மூர்க் கோயில் வாசலிலேயே பார்த்தோம்.

வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. இன்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் நடப்பது என்ன? காணித் தகராறில் ஒரு தாய் பொலிசுக்குப் போகிறார். தமிழில் சொல்கிறார், சிங்களத்தில் எழுதுகிறார்கள், கீழே ஒப்பமிடச் சொல்கிறார்கள். வழக்குக்கு வந்த பிறகுதான், கிழக்கு எல்லை என்று அவர் சொன்ன கிணறு வாக்குமூலத்தில் மேற்கு எல்லையாகிவிட்டது தெரிகிறது. ஒப்பம் அவருடையது. இனி யாரிடம் போய் அவர் திருத்துவது?

2018 டிசம்பரில் நாடாளுமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்த 117 வாக்குகளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் 14 பேருடையவையும் இருந்தன. பிரதமராயிருந்த அவரை ஜனாதிபதி திடீரென நீக்கிய சதிக்கு எதிராக நின்றது சரி, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆட்சியில் புதிய அரசியலமைப்பு 2017இன் இடைக்கால அறிக்கையோடு நின்றுபோனது. கேட்பதற்கு நம் கையில் கடுதாசி ஏதும் இருந்ததா? ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரே பிழையை மன்னித்துக்கொண்டிருக்க எங்களால் இயலவில்லை.

ஆகவே, எழுத்தில் வாங்குங்கள். எந்த அதிகாரம், எந்தச் சட்டமூலம் அல்லது வர்த்தமானி, எந்த அமைச்சு, எத்தனையாம் திகதி, தவறினால் ஆதரவு எப்போது விலகும் என்று தனித்தனியாக எழுதுங்கள். பொலிஸ் நிலையங்களில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் எப்போது வருவார்கள் என்பதையும் அதில் சேருங்கள். ஆதரவை அறிவிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தமிழிலும் சிங்களத்திலும் அதை வெளியிடுங்கள். 1965இல் மறைத்து வைத்ததால் காப்பாற்ற ஆளில்லாமல் போனது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த பேச்சுக்குப் போகுமுன் இதற்குப் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை வாக்காளர்கள்