சூப்பர்மேனைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள்

செயின்ட் லூயியிலிருந்து ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு ஸ்மோக்கி மலைக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். நம்மவர்களின் பயணத் திட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. விடியற்காலையில் புளியோதரை கட்டுவோம். மெட்ரோபொலிசில் இறங்கிச் சூப்பர்மேன் சிலை முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்போம். அப்புறம் ஐ-24 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே மூச்சாக நாஷ்வில்தான். நானும் நான்கு முறை அப்படித்தான் போனேன். "அதோ பார், ஓஹையோ ஆறு" என்று சொல்லி முடிப்பதற்குள் பாலம் தாண்டிக் கென்டக்கி வந்துவிடும். அப்படித் தாண்டும்போது நாம் விட்டுவிட்டுப் போகிற ஊர் படூக்கா. அடுத்த முறை ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டென்னசி ஆறு ஓஹையோவில் வந்து விழும் முனையில் இருக்கிறது ஊர். கொஞ்சம் மேலே ஸ்மித்லாந்தில் கம்பர்லாந்து ஆறு சேர்கிறது. கீழே கெய்ரோவில் ஓஹையோவே மிசிசிப்பியோடு கலந்துவிடுகிறது. ஆக, நான்கு ஆறுகளில் ஓடுகிற சரக்குக்கும் இது சந்தி. 1827இல் வில்லியம் கிளார்க் (அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணத்தின் அதே கிளார்க்தான்) மனை பிரித்துப் பெயர் வைத்த ஊர். 'பாடூக்' என்ற செவ்விந்தியத் தலைவரின் பெயர் அது என்று ஊரில் கதை உண்டு. 1909இல் சிலைகூட வைத்துவிட்டார்கள். அப்படி ஒருவர் இருந்ததற்குச் சான்று இல்லை என்பார்கள் ஆய்வாளர்கள். ஆள் இல்லாமலே சிலை நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காலையில் போய்ச் சேர்ந்ததும் ஆற்றைத் தேடினால் கண்ணில் படாது. உயரமான கான்கிரீட் சுவர்தான் தெரியும். 1937 பிப்ரவரி 2 அன்று ஓஹையோ இங்கே 60.8 அடிக்கு ஏறியது. சுமார் 27,000 பேர் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர்கள் கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர் இது. தெரு சுவரைக் கடக்கும் இடங்களில் வாய் விட்டிருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் அடைத்துவிடலாம். 1996 முதல் லூசியானா ஓவியர் ராபர்ட் டாஃபோர்டும் அவர் குழுவும் இந்தச் சுவரின் ஊர்ப்பக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார்கள். நீராவிப் படகுகள், உள்நாட்டுப் போர், வெள்ளத்தில் மூழ்கிய கடைவீதி என்று ஊரின் கதை முழுக்க அதில் இருக்கிறது. நிழல் இருக்கும்போதே நடந்து பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை.

சுவரின் வாய் வழியாக வெளியே வந்து, ஆற்றங்கரையில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்துத் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் நான் சொல்ல வந்த காட்சி வந்தது. பார்ஜ் எனும் இயந்திரமில்லாத தட்டைச் சரக்குப் படகுகள் பதினைந்தைக் கம்பிவடத்தால் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து ஒரே ஒரு படகு தள்ளிக்கொண்டு போனது. ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம். அகலவாட்டில் மூன்று, நீளவாட்டில் ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 975 அடி நீளம், 105 அடி அகலம். இந்த மொத்தக் கட்டும் அணைகளில் நுழையும் நீர்ப்பெட்டியின் (படகுகளை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும், கதவு வைத்த தொட்டியின்) அகலம் 110 அடிதான். பக்கத்துக்கு இரண்டரை அடி! முந்தைய நாள் இரவு முகாமில் என் 28 அடி வண்டியைப் பின்னால் எடுக்க இருபது நிமிடம், மனைவியின் கைச்சைகை, பக்கத்து வண்டிக்காரரின் இலவச அறிவுரை எல்லாம் தேவைப்பட்டன. அன்று முழுக்க அந்தப் படகோட்டிக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு பார்ஜ் 1,500 டன் ஏற்றும். லாரிக்கு 25 டன் என்று வைத்தால் ஒரு பார்ஜுக்கு அறுபது லாரி, பதினைந்துக்கும் சேர்த்துத் தொள்ளாயிரம். ஐ-24இல் நம்மை உரசிக்கொண்டு போகும் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி, ஜல்லி, சோளம் எல்லாம் ஹார்ன் சத்தமில்லாமல் இந்த வழியாகப் போகின்றன.

பிள்ளைகள் சலிப்படைந்தால் 1843இல் கட்டிய பழைய கட்டடத்தில் இருக்கும் ஆற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே படகோட்டிப் பழகும் பாவனைக்கூடம் உண்டு. என் மகள் முதல் முயற்சியிலேயே பாலத்தில் மோதினாள். இரண்டாவதில் நான் மோதினேன்.

ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கென்றே 1991இல் திறந்த தேசிய அருங்காட்சியகமும் இங்குதான். போர்வையில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவன் நான். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த பாட்டியின் விரிப்பு நினைவுக்கு வந்தது, கடைசியாக வெளியே வந்ததும் நான்தான். 2013இல் யுனெஸ்கோ கைவினைக்கான படைப்பு நகரமாக இந்த ஊரை அறிவித்ததில் இந்தப் போர்வைகளுக்கும் பங்கு உண்டு. ஏப்ரலில் போர்வை விழா வாரம் வரும். அந்த நேரத்தில் முகாம் இடம் கிடைப்பது கடினம் என்பதால் தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

இரவு தங்க ஹில்மன் ஃபெர்ரி முகாம் வசதி. மின்சாரம், தண்ணீர் உண்டு. போகும் வழியில் டென்னசி ஆற்றின் குறுக்கே 1944இல் முடித்த கென்டக்கி அணையையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்

பி.கு.: மெட்ரோபொலிசிலிருந்து வரும்போது ஜி.பி.எஸ். சில சமயம் புரூக்போர்ட் பழைய பாலத்தைக் காட்டும். 1929இல் திறந்த, இரும்புச் சல்லடைத் தளம் போட்ட ஒடுக்கமான பாலம் அது. ஆர்வியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள், ஐ-24 பாலத்திலேயே வாருங்கள்.